பானெட்டுக்கு அடியில்

பழைய காடி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பானெட்டைத் தூக்கினால் அதன் உட்புறத்தில் கறுப்பாக ஒரு மெத்தை ஒட்டிக்கொண்டிருக்கும். புதுக் காடியில் அதை யாரும் கவனிப்பதில்லை. இருபது வருடம் போனால் அதுவே நம்மைக் கவனிக்க வைக்கும். ஓரங்கள் தொங்கும். தொட்டால் மாவு மாதிரி உதிரும். என் காடியில் அது பேட்டரி மேல் உதிர்ந்து, ரேடியேட்டர் ஓரத்தில் படிந்து, மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கனத்து, ஒரு மூலையில் கிழிந்து தொங்கியது. தாமானில் திரியும் எலி ஒன்று அதில் கொஞ்சத்தைக் கடித்தெடுத்து, ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் கூடு கட்டியும் வைத்திருந்தது.

ஆறு வருடம் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. காடி ஓடியது. பள்ளிக்குப் போனது, பணி ஓய்வுக்குப் பிறகு கோயிலுக்கும் பசாருக்கும் போனது. சுங்கைப்பட்டாணியிலிருந்து பினாங்குக்கு மாதம் ஒருமுறை பாலம் தாண்டிப் போய் வந்தது. போன வருடம் மகள் தன் காடியை எனக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கிக்கொண்டாள். வாசலில் இரண்டு காடி நிற்க இடமில்லை. பழசை விற்றுவிடலாம் என்று முடிவானது. அந்த முடிவு எடுத்த வாரத்தில்தான் மெத்தையை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது எல்லாம் அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை.

*

மாற்றுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. ஹாஃப்கட் கடையில் இதே மாடலின் பழைய மெத்தை கிடைக்குமா என்று கேட்டேன். தவுக்கே இரண்டு எடுத்துக் காட்டினார். இரண்டும் என்னுடையதைவிட மோசம். அவரே ஒரு சுருளைக் காட்டினார். 15 மில்லிமீட்டர் தடிமன், ஒரு பக்கம் கறுப்புத் துணி, உள்ளே கண்ணாடி நார். வெட்டி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். கிளிப் 11 வேண்டும் என்றேன். 13 கொடுத்து, இரண்டு எப்படியும் உடையும் என்றார். மொத்தம் 60 வெள்ளி.

சனிக்கிழமை காலை நீளக் கை சட்டை போட்டு, முகக்கவசம் கட்டி, கையுறை மாட்டிக்கொண்டேன். கண்ணாடி நார் தோலில் பட்டால் இரண்டு நாளைக்கு அரிக்கும், மூச்சில் போனால் இன்னும் மோசம். பழைய மெத்தையின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூசி எழும்பாது. இன்ஜின் மேல் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தினேன். பழைய கிளிப்புகள் சூட்டில் வெந்து வெந்து பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தன. நெம்பியதும் தலை தனியாக, தண்டு தனியாக உடைந்தன. துளைக்குள் மாட்டிக்கொண்ட தண்டுகளை மூக்குக் குறடால் பிடுங்கி எடுத்தேன்.

கிழிந்த மெத்தையைத் தரையில் போட்டு ஒட்டுப் போட்டு, அதையே அளவாக வைத்துப் புதிய சுருளின் மேல் சாக்பீஸால் கோடு போட்டேன். கீல் வரும் இடம், கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் குழாய் போகும் இடம், முன்னால் பானெட் பூட்டு வந்து விழும் இடம், இந்த மூன்றையும் சரியாக வெட்டிவிட்டால் போதும். ஒரு கிளிப்தான் உடைந்தது. பதினோரு மணிக்கு வேலை முடிந்தது. பானெட்டை மூடினேன். முன்பெல்லாம் தகரம் அடிப்பதுபோல் கேட்கும். இப்போது 'டொப்' என்று ஒரு சத்தம், புதுக் காடி மாதிரி.

சாவியைத் திருகினேன். உள்ளே உட்கார்ந்து கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்தத் 'தட் தட்' கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது.

*

எந்தத் 'தட் தட்' என்று சொல்லவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் காலை நேரத்தில் இன்ஜினில் ஒரு தட்டும் சத்தம் ஆரம்பித்தது. எங்கள் போமன் நீளத் திருப்புளி ஒன்றை எடுத்து, நுனியை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரிதான். "பிஸ்டன் ஆடுது சார். தேஞ்சு போச்சு. காலையில குளிரா இருக்கும்போது சிலிண்டர் சுவத்துல தட்டும். சூடானா பிஸ்டன் விரிஞ்சி இடைவெளி கொறைஞ்சிரும், சத்தமும் நின்னுரும்" என்றார். இன்ஜின் பிரித்து வேலை செய்ய 2,500 வெள்ளி ஆகும். "காடி வெலையே அவ்வளவுதான் வரும். எண்ணெய் மட்டும் பாத்துக்கிட்டு ஓட்டுங்க. அஞ்சு வருசமும் ஓடும், அஞ்சு மாசத்துலயும் நிக்கும்." அன்றிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் எண்ணெய் ஊற்றி ஓட்டி வந்தேன்.

இந்த மெத்தை சத்தத்தை அழிப்பதில்லை. நார்களுக்கு இடையே இருக்கும் காற்று சத்தத்தால் அதிரும்போது நாரோடு உரசுகிறது. அந்த உரசலில் சத்தத்தின் சக்தி கொஞ்சம் சூடாக மாறிப் போய்விடுகிறது. மெல்லிய மெத்தை உயர்ந்த ஒலியைத்தான் நன்றாக விழுங்கும். ஆழமான ஒலி பெரும்பாலும் அப்படியே தாண்டி வந்துவிடும். ஆகவே புது மெத்தைக்குப் பிறகும் தட்டல் இருந்தது. அதன் கூர் மட்டும் போயிருந்தது. தெரிந்தவன் காது கொடுத்தால் கேட்கும். தெரியாதவனுக்கு அது பழைய காடியின் பொதுவான முனகல்.

மறுநாள் ஞாயிறு. காலை பத்து மணிக்கு ஒரு பையன் காடி பார்க்க வருவதாக இருந்தது. 4,000 வெள்ளி என்று பேசியிருந்தோம். குளிம் தொழிற்பேட்டையில் முதல் வேலை, இரவு ஷிஃப்ட். பத்து மணிக்கு வரச் சொன்னதே நான்தான். அதற்குள் நான் பசாருக்குப் போய் வந்திருப்பேன், இன்ஜின் சூடாக இருக்கும். இதை நான் திட்டமிட்டேனா? இல்லை என்று அன்று மாலைவரை நம்பினேன்.

*

ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "பொண்ணு பாக்க வர்றாங்கன்னா வீட்டப் பெருக்கி வைக்கிறோம். அதுக்காகப் பொய் சொன்னோம்னு அர்த்தமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மெத்தை என்பது அந்தக் காடியோடு பிறந்த உறுப்பு. அது இல்லாதபோதுதான் காடி குறைப்பட்டது. அதை மீண்டும் மாட்டியது பழையபடி ஆக்கியதுதான். இன்ஜின் சூட்டிலிருந்து பானெட்டின் சாயத்தையும் அது காக்கும். வாங்குகிறவனுக்கு நல்லது செய்து கொடுத்திருக்கிறேன். நான் ஒரு வார்த்தையும் பொய் சொல்லவில்லை. அவன் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால்?

இது புதிய கேள்வி இல்லை. கி.மு. 44இல் ரோமானிய அறிஞர் சிசரோ ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் இதே வழக்கு வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்டிரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பலில் தானியத்தோடு முதலில் வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். ஊராருக்குத் தெரியாது. அவன் சொல்லவேண்டுமா, அல்லது கிடைத்த விலைக்கு விற்கலாமா? பிறகு இன்னொருவன்: தன் வீட்டின் மரம் சொத்தை, அறைகளில் விஷ ஜந்துக்கள் வருகின்றன. அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லாமல் விற்கலாமா?

சிசரோ இரண்டு ஸ்டோயிக் தத்துவவாதிகளை எதிரெதிராக நிறுத்துகிறார். பாபிலோனைச் சேர்ந்த டயோஜீனஸ், சட்டம் சொல்லச் சொன்ன குறைகளைச் சொன்னால் போதும் என்கிறார். மறைப்பது வேறு, சொல்லாமலிருப்பது வேறு என்பது அவர் கட்சி. அவருடைய மாணவர் அந்திபாட்டர், விற்பவனுக்குத் தெரிந்தது எதுவும் வாங்குபவனுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்கிறார். சிசரோ மாணவன் பக்கம் சாய்கிறார். உன் லாபத்துக்காக, தெரிந்துகொள்ள வேண்டியவன் தெரியாமலே இருக்கட்டும் என்று நீ விரும்பும்போது, சொல்லாமலிருப்பதும் மறைப்பதுதான் என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

அந்த 'விரும்பும்போது' என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். டயோஜீனஸ் வகையில் நான் தப்பிவிடலாம். நம் நாட்டில் பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாக்கோம் சோதனை உண்டு. இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் சரியா என்று பார்ப்பார்கள். அந்த இன்ஜின் விடிகாலையில் எப்படி முனகிக்கொண்டு எழுகிறது என்பதற்கு எந்தப் பாரத்திலும் கட்டமில்லை. ஆனால் சிசரோ கேட்பது வேறு: நீ என்ன விரும்பினாய்?

சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருந்தது. விற்கப்போவதில்லை என்றால் நான் இந்த மெத்தையை மாற்றியிருப்பேனா? ஆறு வருடம் மாற்றவில்லை. எலி கூடு கட்டியபோதும் மாற்றவில்லை. சாயத்தைப் பற்றி நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

மனைவியின் கேள்விக்குப் பதில் அப்போதுதான் கிடைத்தது. வீட்டைப் பெருக்குவது பொய் இல்லை. தரையில் உடைந்த ஓடு எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அதன் மேலேயே பாயை விரித்து, வந்தவர்களை அந்தப் பாயில் உட்காரச் சொல்வது வேறு. பாய் நல்ல பாயாகவே இருக்கலாம்.

திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வியாபாரிகளைப் பற்றியது. பிறர் பொருளையும் தன் பொருளைப்போல் பாவித்துச் செய்வதுதான் நல்ல வாணிகம் என்கிறது. முப்பது வருடம் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தராசு, படி, கலப்படம் என்று உதாரணம் சொல்வேன். விற்கிற காடியில் 'பிறர் பொருள்' எது என்று யோசித்ததில்லை. காடி என்னுடையது. பையன் கையிலிருக்கும் 4,000 வெள்ளிதான் பிறர் பொருள். அது என்னுடைய பணமாக இருந்தால், இந்தக் காடிக்கு நான் கொடுப்பேனா? காலை ஏழு மணிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு கொடுக்கமாட்டேன்.

*

பையனுக்கு செய்தி அனுப்பினேன். பத்து மணி வேண்டாம், ஏழு மணிக்கு வா என்றேன். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தான். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. இன்ஜின் ராத்திரி முழுக்கக் குளிர்ந்திருந்தது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். மெத்தை எங்கள் தலைக்கு மேல் புத்தம் புதிதாக இருந்தது. அதற்குக் கீழே இன்ஜின் 'தட் தட்' என்று உள்ளதைச் சொன்னது.

"கேக்குதா?"

"கேக்குது சார்."

பிஸ்டன் விஷயத்தையும் எண்ணெய்க் கணக்கையும், போமன் சொன்ன ஐந்து வருடம், ஐந்து மாதம் இரண்டையும் சொன்னேன். மெத்தையை நேற்றுத்தான் மாற்றினேன், மூடினால் சத்தம் குறைவாகக் கேட்கும், அதை வைத்து முடிவு பண்ணாதே என்றும் சொன்னேன். 2,800க்குத் தருகிறேன் என்றேன். அவன் கொஞ்ச நேரம் காடியைச் சுற்றி நடந்தான். மாமா போமனாக இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்று போனான். சாயங்காலம் செய்தி வந்தது: "நன்றி சார். வேற பாக்குறேன்."

இரண்டு வாரம் கழித்து அவனை எண்ணெய் நிலையத்தில் பார்த்தேன். வேறொரு பழைய காடி வாங்கியிருந்தான். நல்லா இருக்கா என்று கேட்டேன். "இதுவரைக்கும் பரவாயில்ல சார்" என்று சிரித்தான். விற்றவர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

ஜார்ஜ் ஏகர்லோஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு இந்த ஆய்வும் காரணம். அவர் சொன்னது இதுதான்: காடியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாக் காடியையும் சந்தேகப்பட்டு, விலையைக் குறைத்துத்தான் கேட்பான். அந்த விலைக்கு நல்ல காடி வைத்திருப்பவன் விற்கமாட்டான், சந்தையிலிருந்து விலகிவிடுவான். மிஞ்சுவது சொத்தைக் காடிகள்தான். ஒவ்வொருவரும் சொல்லாமல் விடும் ஒரு வார்த்தை, சொல்கிறவனின் வார்த்தைக்கும் மதிப்பில்லாமல் செய்துவிடுகிறது. நான் குறையைச் சொன்னேன். சொல்லப்பட்ட குறை பயமாக இருந்தது. சொல்லப்படாத குறை பயமாக இல்லை. அவன் மேல் தப்பில்லை. அவன் வயதில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

"ஒங்க வாயாலயே கெடுத்துக்கிட்டீங்க" என்றார் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார்.

*

கடைசியில் பழைய காடி வியாபாரி ஒருவருக்கு விற்றேன். சீனர், வயதானவர். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மலாயில் சிரித்துக்கொண்டே, "சிக்கு, பழைய காடின்னா சத்தம் போடாம பாட்டா பாடும்?" என்றார். பானெட்டைத் தூக்கி, புது மெத்தையைக் கையால் தட்டிப் பார்த்து, "இது நல்லா இருக்கு" என்றார். 2,600 வெள்ளி கொடுத்தார்.

அந்தத் தட்டலில்தான் எனக்கு உறைத்தது. நான் என் கடமையை முடித்துவிட்டதாக நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது இப்போது அவருக்கும் தெரியும். கணக்கு நேர். அந்திபாட்டர்கூட இதற்கு மேல் கேட்கமாட்டார். ஆனால் இந்தக் காடி அவரிடம் நிற்கப்போவதில்லை. இன்னொரு பையன் வருவான், பகல் வேளையில், சூடான இன்ஜினோடு. நான் சொன்ன வார்த்தைகள் இந்தக் கடையோடு நின்றுவிடும். நான் மாட்டிய மெத்தை காடியோடு போகும். நான் பேசி முடித்த பிறகும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நேர்மை என்பதை நான் இரண்டு பேருக்கு இடையில் நடக்கும் பேச்சு என்று நினைத்திருந்தேன். நாம் செய்து வைத்த பொருள், நாம் பார்க்கவே போகாத மூன்றாம் ஆளிடமும் நமக்குப் பதிலாகப் பேசுகிறது. அல்லது பேசாமலிருக்கிறது.

மெத்தையைக் கழற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். 11 கிளிப், ஐந்து நிமிட வேலை. அங்கே நின்றபடியே அதை யோசித்தேன். கழற்றினால் அவர் இன்னொன்றை வாங்கி மாட்டுவார், 60 வெள்ளிதானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அது உண்மையாகவும் இருக்கலாம். 2,600 அதனால் 2,400 ஆகிவிடுமோ என்றும் யோசித்தேன். எந்தக் காரணம் முதலில் வந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் செய்தது ஒன்றுதான். காடியின் கையுறைப் பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். வாங்கிய நாளிலிருந்து எண்ணெய் மாற்றியது, பெல்ட் மாற்றியது, டயர் மாற்றியது எல்லாம் தேதியோடு அதில் இருக்கும். வியாபாரி பாரங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது கடைசிப் பக்கத்தில் தேசிய மொழியில் எழுதினேன். காலையில் குளிர்ந்த இன்ஜினை பானெட்டைத் திறந்து வைத்துக் கேட்கவும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் எண்ணெய் குடிக்கும். மெத்தை புதியது, இன்ஜின் பழையது. தேதி போட்டு, புத்தகத்தை அதே பெட்டியில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியாது. காடியைக் கழுவி மெருகேற்றும்போது இந்த மாதிரி நோட்டுகளை முதலில் தூக்கிப் போடுவார்கள். இல்லையென்றால் அந்த ஒரு பக்கத்தைக் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இந்தக் கட்டுரையை எழுதும்போது மகள் கொடுத்த காடியின் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். மெத்தை நன்றாக இருக்கிறது. ஒரு ஓரத்தில் மட்டும் கிளிப் ஒன்று தளர்ந்திருந்தது. அன்று தவுக்கே கொடுத்த 13இல் ஒன்று மீதம் இருந்தது. எடுத்து மாட்டிப் பார்த்தேன். அளவு சேரவில்லை.